பினாங்கில் நண்பர்களோடு ஒரு நாள் மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழெட்டுப் பேரும் உள்ளூர்த் தமிழர்கள் இரண்டு மூன்று பேருமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம். புதிதாகச் சேர வருபவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போனது முக்கியமான விஷயமாக இருந்துவிடக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு மலையேறிப் பழக்கமே இல்லை. வரலாமா?

தாராளமாக வரலாம். அதற்கு முன்னால் ஒருநாள் காலையில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்ப் படியேறிப் பாருங்கள். மொத்தம் 513 படி. தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியுமாக ஜனம் ஏறும் அதே படிகள்தான், மற்ற நாட்களில் காலையில் அமைதியாக இருக்கும். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கினால் தப்பில்லை. மேலே போய்ச் சாமி கும்பிட்டு முடிப்பதற்குள் மூச்சு சீராகிவிட்டால், எங்கள் எளிய நடைகளுக்கு நீங்கள் தயார்.

இறங்கும்போது முழங்காலைக் கவனியுங்கள். ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கால் வழுக்குவதும் கணுக்கால் பிசகுவதும் மூட்டு வலிப்பதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். படியிறங்கும்போது தொடை நடுங்கினால், இரண்டு மூன்று வாரம் இதே படிகளில் ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள்தான் நாம், பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். குழுவில் ஒருவரிடமாவது அதைச் சொல்லி வையுங்கள். தயவுசெய்து மறைக்க வேண்டாம்.

எந்தப் பாதையில் முதலில் போவது?

புதியவர்களை நாங்கள் மூன் கேட் பாதையில்தான் அழைத்துப் போகிறோம். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் அதே சாலையில், முழுநிலா மாதிரி வட்டமாக வாசல் வைத்த ஒரு பழைய சுவர் நிற்கும். அதற்குள் நுழைந்தால் பாதை தொடங்கிவிடும். மரவேர்களே படிகளாக அமைந்த காட்டுப் பாதை. வழியில் நிலையங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாம் நிலையத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே தன்னார்வலர்கள் தேநீர் போட்டு வைப்பார்கள். பக்கத்தில் உண்டியல், விருப்பப்பட்டதைப் போடலாம். அந்தத் தேநீருக்கான தண்ணீர் கீழிருந்து யாரோ ஒருவர் முதுகில் ஏறி வந்தது. அதனால் நாங்கள் போகும்போது ஆளுக்கொரு புட்டித் தண்ணீர் கூடுதலாகச் சுமந்துபோய் அங்கே வைத்துவிடுவது வழக்கம். எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர்கள் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறி வருவார்கள், நம்மைப் பார்த்ததும் கையசைப்பார்கள். புதியவர்களுக்கு அங்கேயே திரும்பிவிடலாம். தெம்பு இருந்தால் அப்படியே கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி வரை ஏறி, மலை ரயிலில் இறங்கலாம். உச்சிக்கு நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஒன்றும் இருக்கிறது. சுமார் 5 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. வழி தவறவே முடியாது. ஆனால் செங்குத்தாக ஏறும், இறங்கும்போது முழங்காலைப் பதம் பார்த்துவிடும். மழை பெய்து காட்டுப்பாதை சேறாகிவிட்ட நாட்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

கடல் பார்க்க ஆசைப்பட்டால் தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் இது. ஜார்ஜ் டவுன் நகரத்தின் கொம்தார் கோபுரப் பேருந்து நிலையத்திலிருந்து 101ஆம் எண் பேருந்து வாசலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். வாசலில் பெயர் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். சிறிது தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். கடலோரமாகப் போனால் குரங்குக் கடற்கரையும், அதற்கு அப்பால் 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கமும். இடப்பக்கம் காட்டுக்குள் ஏறி இறங்கினால் கெராச்சுட் கடற்கரை. நாங்கள் பெரும்பாலும் கெராச்சுட்டுக்குத்தான் போகிறோம், ஒன்றரை மணி நேர நடை. ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஏரி, மேல்பகுதி நல்ல தண்ணீர், அடியில் கடல்தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மழையில்லாத மாதங்களில் அது வற்றிப்போய்ச் சேறாகக் கிடப்பதும் உண்டு, ஏமாற்றமடைய வேண்டாம். கடலில் இறங்காதீர்கள். இழுப்பு அதிகம், ஜெல்லிமீனும் உண்டு. நடக்க முடியாமல் போனால் படகில் திரும்பலாம் என்பதால் குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது நல்ல இடம்.

இவற்றையெல்லாம் ஒருமுறை நடந்து பழகியபிறகுதான் ஆயர் ஈத்தாம் அணையிலிருந்து பாலிக் புலாவ் போகும் பாதை. என்னைக் கேட்டால் இந்தத் தீவிலேயே அதுதான் சிறந்த நடை.

அந்தப் பாதையில் அப்படி என்ன இருக்கிறது?

பாலிக் புலாவ் என்றால் தீவின் பின்பக்கம் என்று அர்த்தம். பினாங்கின் முன்பக்கம் ஜார்ஜ் டவுன், பாலங்கள், தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள். நடுவில் முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர். அதற்கு அந்தப் பக்கம் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள், நெல்வயல், டுரியான் தோட்டம். அந்த முதுகெலும்பை நம் காலால் தாண்டிப் போவதுதான் இந்த நடை. பேருந்திலோ காரிலோ மலையைச் சுற்றிப் போனால் பாலிக் புலாவ் இன்னொரு சின்ன ஊர், அவ்வளவுதான். மலையைத் தாண்டி நடந்து இறங்கும்போது அது வேறு ஊராகத் தெரிகிறது.

கெக் லோக் சி பௌத்தக் கோயிலைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலை, 1962இல் கட்டி முடித்த அணையில் போய் முடியும். காலையில் அணைக்கரையில் நகரத்துக்காரர்கள் ஓடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருப்பார்கள். அதைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடும். கொஞ்ச தூரம் நல்ல ஏற்றம். சரிவுகளில் காய்கறித் தோட்டங்கள் வரும். கறுப்புக் குழாய்களில் ஓடைத்தண்ணீரை இழுத்துவந்து பாத்தி கட்டிக் கீரை போட்டிருப்பார்கள். முகடு தாண்டி இறங்கத் தொடங்கினால் டுரியான், ஜாதிக்காய், கிராம்பு என்று தோட்டமாகவே வரும்.

முதல்முறை போனபோது கூட வந்த உள்ளூர் அண்ணன் ஒருவர் கீழே விழுந்து கிடந்த ஒரு காயை எடுத்து என் கையில் கொடுத்தார். எலுமிச்சையைவிடப் பெரிது, வெளிர்மஞ்சள், நடுவில் ஒரு கீறல் விட்டுப் பிளந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரமான குங்குமச் சிவப்பில் ஒரு வலை, அதற்குள் பளபளவென்று கரும்பழுப்பில் ஒரு கொட்டை. "இதுதான் தம்பி ஜாதிக்காய். சிவப்பா இருக்குதே, அது ஜாதிபத்திரி" என்றார். எங்கள் வீட்டில் தம்பி பிறந்திருந்தபோது பாட்டி உரைமருந்துக்கு ஜாதிக்காயைச் சந்தனக்கல்லில் இழைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அஞ்சறைப் பெட்டியில் இருந்த அந்தப் பழுப்பு உருண்டைக்கு மேலே இவ்வளவு சிவப்பு இருந்திருக்கும் என்று முப்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. கையில் ஒட்டிய வாசனை வீடு திரும்பும் வரை போகவில்லை. ஊருக்கு வீடியோ அழைப்பு போட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா பாட்டியை எழுப்பிக் காட்டினாள்.

இந்த மரங்கள் இங்கே வந்ததற்கும் ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிதான் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து நாற்றுக் கொண்டுவந்து பினாங்கில் ஜாதிக்காயும் கிராம்பும் போட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய் விழுந்து பெருந்தோட்டங்கள் அழிந்தன. பாலிக் புலாவ் சரிவுகளில் சிறு தோட்டங்களாக இன்னும் மிச்சம் இருக்கிறது. நம் ஊரில் கொட்டையை மட்டும்தான் பார்க்கிறோம். இங்கே மேல்சதையைச் சீவிச் சர்க்கரையில் ஊறவைத்து விற்கிறார்கள், சாறு எடுத்து ஐஸ் போட்டுக் கொடுக்கிறார்கள்.

தோட்டங்கள் வழியாக நடக்கலாமா? யாரும் திட்டமாட்டார்களா?

பாதை தோட்டங்களுக்கு ஊடாகப் போகிறது. அந்தத் தோட்டம் ஒருவருடைய பிழைப்பு. அதை மறக்காமல் நடந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் போகும்போது "தும்பாங் லாலு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கொஞ்சம் வழிவிடுங்கள், தாண்டிப் போய்க்கொள்கிறோம் என்ற மாதிரி. தெரிந்த மலாய் இவ்வளவுதான் என்றாலும் போதும், முகம் மலர்ந்துவிடும். நாய் குரைத்தால் ஓடாமல் நின்று, வீட்டுக்காரர் வரும் வரை பொறுங்கள்.

ஆண்டின் நடுவில், மே முதல் ஜூலை வரை டுரியான் காலம். மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழ வேண்டும். விழுந்ததை எடுக்காதீர்கள், வலைக்குள் நுழையாதீர்கள். கீழே ஒன்று கிடக்கிறதே என்று நமக்குத் தோன்றும். அந்த ஒன்று அவர்களுடைய வருட வருமானத்தில் ஒரு பகுதி. அந்தக் காலத்தில் மரத்துக்கு நேர் கீழே நின்று பேசிக்கொண்டிருப்பதும் ஆபத்து, முள்ளோடு இரண்டு கிலோ தலைக்கு மேலே தொங்குகிறது. சாப்பிட ஆசையாக இருந்தால் கீழே இறங்கியதும் சாலையோரக் கடையில் வாங்கிச் சாப்பிடுவோம். அங் ஹே என்று கேட்டுப் பாருங்கள், சிவந்த சதை, இந்தப் பக்கத்துக்குப் பேர்போன வகை.

யாரும் முன்னால் போகக் கூடாது, பிரியும் இடத்தில் நிற்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

மூன்றாவது வருடம். ஏழு பேர் இதே பாலிக் புலாவ் பாதையில் போனோம். ஒரு நண்பர் அன்றைக்குத்தான் முதல்முறை வந்திருந்தார். நாங்கள் நான்கு பேர் பேச்சு சுவாரசியத்தில் முன்னால் போய்விட்டோம். நடுவில் இரண்டு பேர், அவர்கள் முன்னால் இருப்பவர்களைப் பிடிக்க வேகமாக வந்துவிட்டார்கள். புதியவர் கடைசியில். இறக்கத்தில், தோட்டத்துக்குப் போகும் மோட்டார்சைக்கிள் தடம் ஒன்று வலப்பக்கம் பிரிகிறது. சிமெண்ட் போட்டு நன்றாக இருப்பதால் அதுதான் வழி என்று நினைத்து அதில் இறங்கிவிட்டார். இருபது நிமிடம் கழித்து ஓரிடத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். அப்போதுதான் எண்ணிப் பார்த்தோம், ஆறு பேர்.

கைப்பேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. காலையிலிருந்து வீடியோ எடுத்து மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு மற்றவர்கள் திரும்ப ஏறினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மழைச் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்கவில்லை. அவருக்கு ஊரில் ஆறு மாதக் கைக்குழந்தை என்பது மட்டும் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்துகொண்டிருந்தது. நாலரை மணிக்கு ஒரு தோட்டக் குடிசையில் அவரைப் பார்த்தோம். வழி தவறிவிட்டது என்று தெரிந்ததும் அலையாமல், முதலில் கண்ணில் பட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. தோட்டக்காரர் அவருக்குத் துண்டு கொடுத்து, சூடாகக் காப்பியும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

தப்பு அவருடையது இல்லை, முன்னால் போன எங்களுடையது. அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடு இதுதான். பாதை தெரிந்தவர் ஒருவர் முன்னால், பாதை தெரிந்த இன்னொருவர் கடைசியில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை, முதல் ஆளுக்கு முன்னால் யாரும் இல்லை. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் வந்து சேரும் வரை நிற்போம், தலை எண்ணுவோம். மிக மெதுவாக நடப்பவருடைய நடைதான் குழுவின் நடை. அவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடக் கூடாது, அவரும் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, கடைசி ஆள் வந்ததும் எழுந்து நடப்பதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை வேறில்லை. ஆளுக்கொரு விசில் கழுத்தில் இருக்க வேண்டும், தொலைந்தால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும். வேகமாக ஏற விரும்புபவர்களுக்கு இந்தத் தீவில் வேறு நல்ல குழுக்கள் இருக்கின்றன. அதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஏழே கால், ஏழரைக்குப் பாதையில் கால் வைத்துவிட வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் ஐந்து மணிக்கே போகலாமே என்று கேட்பார்கள். இங்கே விடிவதே ஏழு மணி வாக்கில்தான். 1982 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து மேற்கு மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் கடிகாரம் சொல்வதற்கும் சூரியன் சொல்வதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஆறரைக்குக் காடு கும்மிருட்டாக இருக்கும்.

மதியம் இரண்டு மணிக்குள் இறங்கிவிடுவது எங்கள் கணக்கு. அதற்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது.

மழை வந்தால்?

இங்கே இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், வந்தால் கொட்டித் தீர்க்கும். ஜனவரியும் பிப்ரவரியும் நடைக்கு நல்ல மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், அப்போது சின்ன நடைகளோடு நிறுத்திக்கொள்கிறோம். முந்தைய இரவு நல்ல மழை என்றால் செங்குத்தான பாதைகளை ரத்து செய்துவிடுவோம், யார் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி. 2017 நவம்பரில் ஒரே இரவில் பெய்த மழையில் தீவு முழுக்க வெள்ளம், மலைச்சரிவுகள் பல இடங்களில் சரிந்தன. பாதையை மூடிக் கயிறு கட்டியிருந்தால் தாண்டாதீர்கள்.

இடி கேட்டால் முகட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்க வேண்டாம், கீழே இறங்கப் பாருங்கள். ஓடை நிறம் மாறிக் கலங்கலாக வந்தால் மேலே பலத்த மழை என்று அர்த்தம், அதைக் கடக்க முயலாமல் வடியும் வரை காத்திருங்கள்.

என்ன காலணி? விலையுயர்ந்த ஷூ வாங்க வேண்டுமா?

வேண்டாம். 'அடிடாஸ் கம்போங்' என்று இங்கே செல்லப் பெயர் வைத்திருக்கும் கறுப்பு ரப்பர் ஷூ சாதாரண ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். அடியில் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். சேற்றிலும் வேரிலும் அப்படிப் பிடிக்கும், நனைந்தாலும் உதறிவிட்டு நடக்கலாம். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்ட, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்க, போனவர்களின் காலணி இது. எங்களோடு வரும் அந்த உள்ளூர் அண்ணனின் தாத்தாவும் அப்பாவும் வாழ்நாள் முழுக்க இதைப் போட்டுத்தான் விடியற்காலையில் மரம் வெட்டப் போனார்களாம். அளவு ஒன்று கூடுதலாக வாங்கித் தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்னால் இடித்துக் கறுத்துவிடும். அடி வழவழவென்று தேய்ந்த ஓட்ட ஷூவோடு வந்தால் கண்டிப்பாக அழைத்துப் போகமாட்டோம்.

சாப்பாடு, தண்ணீர்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நம் ஊர் வெயிலைவிட இங்கே வெயில் குறைவு என்று நினைக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், உடம்பு சூடு இறங்காது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் தலைவலி வரும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு புட்டி கொண்டுவாருங்கள், கடையில் வாங்குவதென்றால் ஹண்ட்ரட் பிளஸ்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் மாதிரி வேறொன்றும் இல்லை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு முதல்நாள் ராத்திரியே கிளறி வைத்தால் மதியம் வரை அப்படியே இருக்கும். தயிர்சாதம் இந்தச் சூட்டில் பதினொரு மணிக்கே புளித்துவிடுகிறது. சமைக்க முடியாதவர்கள் காலையில் கடையில் வாழையிலையில் மடித்து வைத்திருக்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இலையோ தோலோ எதுவானாலும் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

குரங்கு, பாம்பு பயம் உண்டா?

நீண்ட வால் குரங்குகள் பூங்காவிலும் கடற்கரையிலும் கூட்டமாக இருக்கும். நெகிழிப் பை சரசரத்தால் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், தீனி போடாதீர்கள். காட்டுக்குள் இன்னொரு வகை உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கறுத்த இலைக்குரங்கு, இங்கே லோத்தோங் என்பார்கள். மிகவும் கூச்சமானது. அதன் குட்டி நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அம்மாவின் கரிய வயிற்றில் ஆரஞ்சுக் குட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எங்கள் குழுவில் யாரும் பத்து நிமிடம் நகரமாட்டார்கள்.

பாம்பு இருக்கிறது. எட்டு வருடத்தில் நான் பார்த்தது நான்கு முறை, நான்கு முறையும் அது தன் வழியில் போய்விட்டது. கை வைக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்து வைத்தால் போதும். பாம்பைவிட அடிக்கடி தொல்லை தருவது பிரம்புக்கொடி. நுனியில் கொக்கி கொக்கியாக முள் இருக்கும், சட்டையைப் பிடித்தால் முன்னால் இழுக்காதீர்கள், ஒரு அடி பின்னால் வந்தால் தானாகக் கழன்றுவிடும்.

அவசரம் என்றால் யாரை அழைப்பது?

999. காட்டில் சிக்கிக்கொண்டவர்களை மீட்க வருவது பொம்பா, அதாவது தீயணைப்பு மீட்புத் துறை. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி வையுங்கள். கைப்பேசியை முழுக்க மின்னேற்றிக்கொண்டு, படம் எடுக்கும் வேலையை ஒருவரிடம் மட்டும் விடுங்கள். கடவுச்சீட்டையும் வேலை அனுமதிக்கான சான்றையும் தண்ணீர் புகாத பையில் போட்டு உடன் வைத்திருங்கள்.

பெண்கள் வருகிறார்களா?

வருகிறார்கள். இப்போது குழுவில் பாதிப் பேர் பெண்கள். கடைசி ஆளாக வருவது பெரும்பாலும் ஓர் அக்காதான், அவரளவுக்குப் பொறுமை எங்கள் யாருக்கும் இல்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வரலாமா?

கட்டாயம். அவர்களுக்காகவே வருடத்தில் இரண்டு முறை கொடிமலையில் ஒரு நடை வைக்கிறோம். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் இது, இப்போதிருக்கும் பெட்டிகள் 2011இல் வந்தவை. கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பேருந்து அடிவார நிலையத்துக்குப் போகிறது. முதல் வண்டியில் ஏறிவிட்டால் கூட்டம் இருக்காது. மேலே கீழ்நாட்டைவிட ஐந்து டிகிரியாவது குறைவாக இருக்கும், அம்மாக்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் அருளொளி திருமுருகன் கோயில், அதற்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். அங்கிருந்து தார்ச்சாலையில் பழைய பங்களாக்களைத் தாண்டி நிழலிலேயே ஒரு மணி நேரம் நடக்கலாம், அதிக ஏற்றம் கிடையாது. 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்ட காடு அது. என் அப்பாவுக்குத் திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு மேல் எந்த உயரமும் தெரியாது. கீழே கடலும் இரண்டு பாலங்களும் தெரிந்தபோது தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். திரும்பும்போது ரயிலிலேயே அழைத்து வாருங்கள், இறங்க நடக்க வைக்காதீர்கள்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏதாவது?

ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போனால் புக்கிட் மெர்தாஜாம் அடிவாரத்தில் செரோக் தொக்குன். அங்குள்ள புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பாறை, அதில் பல்லவ எழுத்தை ஒத்த பழங்கால எழுத்துகள். 1845இல் ஜேம்ஸ் லோ என்ற ஸ்காட்லாந்துக்கார பிரிட்டிஷ் அதிகாரி கண்டு எழுதி வைத்தார். பாறையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உள்ள காட்டுப் பூங்காவில் மலையேறலாம். நம் எழுத்தின் உறவினர் ஒருவர் இத்தனை நூற்றாண்டாக இங்கே இருந்திருக்கிறார் என்பது நேரில் நிற்கும்போது வேறு மாதிரி உறைக்கிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

குழுவுக்கென்று கட்டணம் எதுவும் இல்லை. பேருந்து, சாப்பாடு, போகும் இடத்துக்கு நுழைவுக் கட்டணம் இருந்தால் அது. ஆளுக்கு ஆள் அவரவர் கொடுத்துக்கொள்வது. சம்பளம் வராத மாதக் கடைசியில் யாருக்காவது கையில் வெள்ளி (ரிங்கிட்) இல்லை என்றால் சொல்லுங்கள், அதற்காக வராமல் இருக்க வேண்டாம்.

பாலிக் புலாவில் இறங்கியதும் என்ன சாப்பிடுவது? நான் சைவம்.

அசைவக்காரர்களுக்குச் சந்தைப் பக்கம் லக்சா, குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். இரண்டு வகை. ஒன்று புளிக்கரைசலில் கானாங்கெளுத்தி மீனை உதிர்த்துப் போட்ட அசாம் லக்சா, இன்னொன்று தேங்காய்ப்பால் சேர்த்த லெமாக் லக்சா. மேலே புதினாவும் அன்னாசியும் தூவித் தருவார்கள். நான்கு மணி நேரம் நடந்த உடம்புக்கு அசாம் லக்சாவின் புளிப்பு நேராக நரம்புக்குள் இறங்கும். சைவக்காரர்கள் இரண்டையும் தொட வேண்டாம். மேலே தூவுவது புதினாவும் அன்னாசியும் என்றாலும் குழம்பே மீன்தான். உங்களுக்காக வைத்திருந்த புளிசாதத்தைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரு ஜாதிக்காய்ச் சாறு வாங்கிக்கொண்டால் முகம் சுளிக்கமாட்டார். சாற்றில் கொஞ்சம் உப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் இன்னொரு முறை தலை எண்ணுவோம். அப்புறம் 401 ஈ பேருந்து, பாயான் லெப்பாஸ் வழியாகவே போகும். ஷூவில் சேறு காய்ந்திருந்தால் ஏறுவதற்கு முன் படிக்கட்டுக்கு வெளியே தட்டிவிட்டு ஏறுங்கள்.